இரத்தத்தின் பேரேடு

மலையகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் முதலில் தேடிச் செல்வது பேரேடுகளையே. பெரட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார், பறித்த கொழுந்து எத்தனை இறாத்தல், அரிசிக்குப் பிடித்த தொகை எவ்வளவு, கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்பனவெல்லாம் எழுதப்பட்டன. செக்ரோல் என்ற அந்த ஏட்டில் தொழிலாளிக்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. ஆயின், அவனுடைய தந்தை எந்நோயால் மாண்டார், தாயின் உடன்பிறந்தார் எத்தனை பேர், அவர்களுள் இளவயதில் இறந்தவர் எவர் என்று கேட்டால் அந்த ஏடு வாய் திறவாது. எவரும் கேளாத கேள்விக்கு ஏட்டிலே விடை எங்ஙனம் இருக்கும்?

இக்கேள்வி இன்று சரித்திர மாணவரின் ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று. மருத்துவத்தின் கேள்வியாகவும் ஆகிவிட்டது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே அமைந்துள்ள புரோஸ்டேட் சுரப்பியிற் தோன்றும் புற்றுநோயில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது. அப்பரம்பரைக் குறையைச் சிறிதளவு உமிழ்நீரைக் கொண்டே கண்டறியலாம். கண்டறிந்தால், நோயாளிக்கு உகந்த மருந்தைத் தெரிவதோடு அவருடைய மக்களையும் உடன்பிறந்தாரையும் முற்கூட்டியே எச்சரிக்கலாம். அமெரிக்காவில் ஒரு நோயாளி இணையத்தில் தம் பெயரைப் பதிந்து, தபாலில் வரும் குப்பியில் உமிழ்ந்து திருப்பி அனுப்பி, வீட்டிலிருந்தவாறே முடிவை அறிகிறார்.

இலங்கையின் இருப்புப்பாதை நிலையங்களுள் மிக உயரமானது பட்டிப்பொல. கடல்மட்டத்துக்கு மேல் 6,226 அடி. 1885-இல் நானுஓயாவை எட்டிய பாதை, பட்டிப்பொலச் சிகரத்தைக் குடைந்து கடந்து, 1893-இல் அப்புத்தளையை அடைந்தது. பனியும் குளிரும் மூடிய அம்மலைகளில் உழைத்து ஓய்ந்த ஒரு முதியவருக்கு இப்புதிய அறிவு எட்டுமா? எட்டாதெனின் தடுப்பது எது? மலையின் உயரம் மட்டுமா, அன்றிச் சரித்திரமுமா?

* * *

1853-இல் இலண்டனில் ஜே. ஆடம்ஸ் என்ற அறுவை வைத்தியர் இந்நோயை நுண்காட்டியின் துணைகொண்டு விவரித்தபோது, இது மிக அரிய நோய் என்றே எண்ணினார். இன்றோ, உலகில் ஆண்களிடையே நுரையீரற் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக மிகுதியாகக் கண்டறியப்படும் புற்றுநோய் இதுவே. மனிதரின் ஆயுள் நீண்டதும், நோயைக் காணும் கருவிகள் பெருகியதும் இதற்குக் காரணங்களாம். 1941-இல் சார்ள்ஸ் ஹக்கின்ஸ், ஆண்மைச் சுரப்புநீரைத் தடுத்தால் பரவிய நோயும் ஒடுங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். நோயை அடக்கும் வழி இவ்வாறு தெரியலாயிற்று. அது ஏன் சில குடும்பங்களை விடாது துரத்துகிறது என்பது தெரியவில்லை.

குடும்பத்தைத் துரத்தும் புற்றுநோயைப் பற்றிய முதற் பதிவுகளுள் ஒன்று பிரான்சில் எழுதப்பட்டது. 1866-இல் போல் புரோக்கா என்ற வைத்தியர், தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாகத் தொடர்ந்த மார்புப் புற்றுநோயை வம்சாவளியாக வரைந்து வெளியிட்டார். அதற்கு மறு ஆண்டு, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஒரு புறம், பாரிஸ் நகரத்து வைத்தியரின் இல்லத்தில் நான்கு தலைமுறையின் பிறப்பும் இறப்பும் நினைவில் இருந்தன. மறு புறம், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கூட்டங்கூட்டமாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் தலைமுறைகள் கடற்கரையிலும் காட்டுப் பாதையிலும் சிதறிக்கொண்டிருந்தன. வம்சாவளி எழுதுவதற்கு அறிவு மட்டும் போதாது. ஓரிடத்தில் நிலைத்து வாழும் உரிமையும் வேண்டும்.

புரோக்காவின் கேள்விக்கு விடை கிடைக்க நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சென்றன. 1990-இல் மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குடும்பவழி மார்புப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு பரம்பரையலகு 17-ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதை நிறுவினார். 1994-இல் அவ்வலகு பிரித்தறியப்பட்டது, அதுவே பி.ஆர்.சி.ஏ. 1. மறு ஆண்டு, 13-ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பி.ஆர்.சி.ஏ. 2 என்ற அலகை மைக்கேல் ஸ்ட்ராட்டனின் குழுவினர் இங்கிலாந்தில் கண்டறிந்தனர்.

இவ்வலகுகள் புற்றுநோயை உண்டாக்குவன அல்ல, அதனைத் தடுப்பன. உயிரணுவின் உள்ளிருக்கும் டி.என்.ஏ. இழை அறுபட்டால் அதனைப் பழுது பார்ப்பது இவற்றின் தொழில். ஒவ்வோர் அலகும் தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக நமக்கு இரு பிரதிகளாக வருகிறது. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாயிருந்து, மற்றதும் ஏதேனும் ஓர் உயிரணுவில் பிற்பாடு சிதைந்தால், அங்கே பழுது பார்க்க ஆளில்லை. பிழைகள் குவிந்து புற்று பிறக்கிறது. பழுதான பிரதியை உடையவரின் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. மகன் என்றும் மகள் என்றும் அது பார்ப்பதில்லை.

இங்கே ஒரு செய்தியை ஊன்றி நோக்க வேண்டும். இவ்வலகுகள் மார்புப் புற்றுநோயின் பெயரால் அறியப்பட்டமையால், பெண்களின் விஷயம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. பி.ஆர்.சி.ஏ. 2 பழுதை உடைய ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று 1999-இல் பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது. ஆகவே தகப்பனின் நோய் மகளுக்கும் ஓர் எச்சரிக்கை. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறும் மகளின் உயிர், தந்தையின் சோதனை முடிவில் தங்கியிருக்கக் கூடும். ‘ஆண்களின் நோய்’ என்று இதனை ஒதுக்குவது அறியாமை.

* * *

விஞ்ஞானி கண்டறிந்ததை வணிகன் உடைமையாக்கினான். மிரியட் ஜெனட்டிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இவ்விரு அலகுகள் மீதும் காப்புரிமை பெற்றது. பிறர் அந்தச் சோதனையை நடத்தாவண்ணம் தடுத்தது. ஒரு சோதனைக்கு 3,000 டொலருக்கு மேல் விலை வைத்தது. கோடானுகோடி மனிதரின் உடலில் ஆதி முதல் இருந்துவரும் ஒன்று, ஒரு கம்பெனியின் சொத்தாயிற்று! காட்டையும் நீரோடையையும் வேலியிட்டு ‘என்னுடையது’ என்று சொன்ன அதே நியாயம் இங்கே மனிதனின் உயிரணுவுக்குள் புகுந்தது எனலாம்.

வைத்தியர்களும் நோயாளிகளும் விஞ்ஞானிகளும் ஒன்றுகூடி வழக்காடினர். 2013-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்ததாலேயே ஒருவர் அதற்குக் காப்புரிமை கோர முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த அன்றே வேறு ஆய்வுக்கூடங்கள் சோதனையைத் தாமும் நடத்த முன்வந்தன. விலை சரியத் தொடங்கியது. உமிழ்நீர்க் குப்பி இன்று தபாலில் பயணம் செய்வதற்கு வழி திறந்தவற்றுள் அந்தப் போராட்டமும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

2016-இல் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. உடலின் பிற பாகங்களுக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் கொண்ட 692 ஆண்களைச் சோதித்த ஆய்வாளர், அவருள் 82 பேரிடம், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேரிடம், டி.என்.ஏ.யைப் பழுது பார்க்கும் அலகுகளில் பிறவிக் குறை இருக்கக் கண்டனர். இன்னொன்றையும் கண்டனர்: குடும்பத்தில் எவருக்கேனும் புரோஸ்டேட் புற்றுநோய் இருந்ததென்று சொன்னவரிடமும், இல்லையென்று சொன்னவரிடமும் அக்குறை ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டது. அதுவரை, ‘உம் குடும்பத்தில் எவருக்கு இந்நோய் இருந்தது?’ என்று கேட்டு, தக்க விடை சொன்னவரையே சோதனைக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கம் பிழையென்று தெரிந்தது. நோய் பரவிய ஆண்கள் யாவருக்கும் சோதனை வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

2020 மே மாதத்தில் ஒலாபாரிப், ருகாபாரிப் என்ற இரு மருந்துகள் இத்தகைய நோயாளிகளுக்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. பிறவிக் குறையால் ஒரு பழுதுபார்ப்பு வழியை இழந்த புற்றணு, எஞ்சிய மற்றொரு வழியை நம்பி வாழ்கிறது. இம்மருந்துகள் அந்த வழியையும் அடைத்துவிடுகின்றன. எனவே சோதனை வெறும் ஜாதகம் பார்ப்பதன்று, சிகிச்சையின் முதற்படி. 2021-இல் ‘புரோமிஸ்’ என்ற பெயரில் அமெரிக்க வைத்தியர்கள் தொடங்கிய திட்டம், இணையம் வழியாக 5,000 ஆண்களைச் சோதித்து, பிறவிக் குறை உடைய 500 பேரைக் கண்டறிந்து தொடர்ந்து கவனிக்க நோக்கம் கொண்டது. பெருநகர வைத்தியசாலைக்கு வர இயலாதவனையும் சோதனை தேடிச் செல்ல வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

* * *

இனி நம் மலைகளுக்கு வருவோம். தோட்டத் தொழிலாளியின் உடலை எவரும் சோதிக்கவேயில்லை என்று சொல்வது பொய்யாகும். சோதித்தார்கள், தமக்கு வேண்டியபோது, தமக்கு வேண்டியதை மட்டும் சோதித்தார்கள். கரையேறுமுன் மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, வாந்திபேதியும் அம்மையும் உண்டா என்று பார்த்தார்கள். தொற்று தோட்டத்துள் புகுந்தால் வேலை கெடும் அல்லவா? 1872-இலும் பின்னர் 1912-இலும் தோட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கெனச் சட்டங்கள் பிறந்தன. 1916-இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களில் தொடங்கியது. கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்தது. இரத்தம் குறைந்த கை கொழுந்தைக் குறைவாகப் பறித்தது. இவ்வியக்கத்தால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் உடலைப் பார்த்த கண், உழைப்பைக் கணக்கிடும் கண்ணாகவே இருந்தது. உழைத்து முடித்த கிழவனின் நோய் அந்தக் கணக்கில் வராது. புரோஸ்டேட் புற்றுநோயோ பெரும்பாலும் முதுமையில் வருவது. பெயர் செக்ரோலிலிருந்து நீங்கிய பின் வருவது.

குடும்ப நினைவு சிதைந்த கதை இதனினும் கொடியது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிற்பாடு பார்ப்போம் என்று இரு அரசுகள் பங்கு பிரித்தன. 1974-இல் அந்த எச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். மகள் கப்பலேற, தாய் லயத்தில் தங்கினாள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற கப்பலில் பல இலட்சம் மக்கள் போயினர். போர்ச் சூழலில் 1984-ஆம் ஆண்டோடு அக்கப்பலும் நின்றது. சென்றவருள் பலர் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியேறினர். தாயகம் திரும்புவோருக்கென 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தோட்டங்கள் அங்கே உண்டு. எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு காண இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

பிரஜாவுரிமை இழப்பை நாம் வாக்குரிமையின் இழப்பாகவும் நில உரிமையின் இழப்பாகவும் பேசியிருக்கிறோம். அது ஒரு மருத்துவ இழப்புமாகும். பட்டிப்பொலப் பகுதியில் வாழும் ஒருவரிடம், ‘உம் பெரியப்பா எந்நோயால் இறந்தார்? அத்தைமாருக்கு மார்பில் கட்டி ஏதும் வந்ததா?’ என்று ஒரு வைத்தியர் கேட்டால், அவர் என்ன சொல்வார்? ‘அவுங்க எல்லாம் இந்தியாவுக்குப் போயிட்டாங்க, அப்புறம் ஒன்னும் தெரியாது’ என்பதே பல குடும்பங்களின் விடை. நம்மிடையே குடும்பப் பெயர் வழங்குவதில்லை. தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டும் முன்னெழுத்தாய் நிற்கும். அப்பெயரையும் தோட்டத்துப் பதிவில் எழுதியவர் தம் காதில் விழுந்தவாறு திரித்து எழுதியதுண்டு. இத்தகைய மக்களிடம் வம்சாவளியைக் கொண்டுவா, பிறகு சோதிக்கிறேன் என்பது, பறித்துக்கொண்ட பொருளை மீண்டும் பறிகொடுத்தவனிடமே கேட்பதாகும்.

ஆகவேதான் 2016-இன் கண்டுபிடிப்பு மலையகத்துக்கு மிகவும் வேண்டியது. நினைவு அழிந்தாலும் இரத்தத்தின் பேரேடு அழியவில்லை. எந்தத் துரையும் அதில் திருத்தம் செய்யவில்லை. எந்த ஒப்பந்தமும் அதன் பக்கங்களைக் கிழிக்கவில்லை. கடலின் இரு கரையிலும் பிரிந்து வாழும் உடன்பிறந்தார் அதே எழுத்துகளை இன்னும் சுமக்கின்றனர். பட்டிப்பொலவில் ஒருவருக்குக் கிடைக்கும் முடிவு, கோத்தகிரியில் இருக்கும் தங்கையின் மகளுக்கும் பயன்படும். கப்பல் பிரித்ததை ஒரு கைத்தொலைபேசிச் செய்தி அவ்வளவுக்கேனும் இணைக்க வல்லது.

* * *

இதைச் சொல்லும்போதே, இணையம் வந்தது, இன்னல் தீர்ந்தது என்று மயங்கலாகாது. பேரேடு இருந்தால் மட்டும் போதாது. அதனை வாசிக்க அகராதி வேண்டும். உலக மக்களின் மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த ‘ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்’ 2015-இல் நிறைவுற்றபோது, அதில் 26 மக்கட்பிரிவினரைச் சேர்ந்த 2,504 பேர் இடம்பெற்றனர். இலங்கைத் தமிழர் என்ற பெயரில் 102 பேர் உண்டு. ஆனால் அவர்களின் மாதிரிகள் திரட்டப்பட்டது பிரித்தானியாவில்! புலம்பெயர்ந்து அங்கு வாழ்வோரே உலகத்தின் கண்ணுக்கு இலங்கைத் தமிழராய் நிற்கின்றனர். தேயிலை மலைகளில் எவரும் குப்பியோடு ஏறி வரவில்லை.

இதன் விளைவு என்ன? ஒரு மலையகத்தவரின் சோதனையில் இதுவரை எவரும் காணாத ஒரு மாற்றம் தென்பட்டால், அது தீங்கானதா, தீங்கற்றதா என்று ஆய்வுக்கூடம் சொல்ல இயலாது. பொருள் அறியப்படாத மாற்றம் என்று எழுதி அனுப்பிவிடும். இது கற்பனையன்று. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் இலங்கை மார்புப் புற்றுநோயாளரிடம் பி.ஆர்.சி.ஏ. 1-ஐயும், 2011-இல் பி.ஆர்.சி.ஏ. 2-ஐயும் ஆராய்ந்தபோது முன்னறியாத மாற்றங்கள் வெளிப்பட்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தென்னிந்தியப் பெண்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையிலும் நான்கு புதிய மாற்றங்கள் அறிவிக்கப்பட்டன. நம் மக்களின் எழுத்து உலக அகராதியில் இன்னும் முழுமையாக ஏறவில்லை என்பதற்கு இவை சான்று. இந்தியா 2020-இல் தொடங்கிய ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் பத்தாயிரம் பேரின் தொகுதிகளை வாசித்து 2025-இல் தரவுகளை ஆய்வாளருக்குத் திறந்தது நல்ல தொடக்கம்.

இரண்டாவது தடை மொழி. 1987-இன் 13-ஆம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. ஆயின், பரம்பரைச் சோதனையின் முடிவைத் தெளிந்த தமிழில், அச்சுறுத்தாமல், அதே வேளையில் ஒளிக்காமல் எடுத்துச் சொல்லக் கூடியவர் எத்தனை பேர்? குறை இருப்பதாலேயே நோய் உறுதி என்பதில்லை; குறை இல்லாமையால் நோயே வராது என்பதுமில்லை. பரவிய நோய் கொண்ட நூற்றுவரில் 88 பேரிடம் இப்பிறவிக் குறை காணப்படவில்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது. இவற்றை விளக்க ஆளின்றி ஒரு காகிதத்தை மட்டும் அனுப்புவது, எழுத்தறியாதவனிடம் கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கியதற்கு ஒப்பானதே.

மூன்றாவது தடை அச்சம். ‘எங்கள் இரத்தத்தில் குறை’ என்ற சொல் கிளம்பினால் மகளுக்குச் சம்பந்தம் வருமா என்று தாய் அஞ்சுவாள். சாதியின் பெயரால் இரத்தத்தைத் தூயதென்றும் தாழ்ந்ததென்றும் பிரித்த சமுதாயத்தில் இவ்வச்சம் எழுவது இயல்பே. பிறவிக் குறை சாதி பார்த்து வருவதன்று; எல்லா நாட்டிலும் எல்லாக் குடியிலும் உண்டு. இதனை எடுத்துரைப்பது நம் கடமை. அமெரிக்காவில் 2008-இல் இயற்றிய சட்டம், பரம்பரைச் சோதனையின் முடிவைக் காட்டி வேலை மறுப்பதையும் மருத்துவக் காப்புறுதி மறுப்பதையும் தடுக்கிறது; ஆயுட் காப்புறுதியை அது தொடவில்லை. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவையும் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகுத்துள்ளது. ஏட்டிலுள்ள இச்சட்டம் தோட்டத்து மனிதனையும் காக்குமாறு செய்ய வேண்டும். செக்ரோல் துரையின் மேசையில் இருந்தது. இப்புதிய பேரேடு எந்த முதலாளியின் மேசைக்கும் போகலாகாது.

* * *

எனவே, நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. புரோஸ்டேட் புற்றுநோய் பரவிய நிலையில் அரசாங்க வைத்தியசாலைக்கு வரும் ஒவ்வோர் ஆணுக்கும், குடும்பக் கதையைச் சொல்ல முடிந்தாலும் முடியாவிட்டாலும், பரம்பரைச் சோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். மகரகமைக்கும் கண்டிக்கும் பலமுறை அலைய முடியாதவருக்கு உமிழ்நீர்க் குப்பி தோட்ட மருந்தகத்தின் வாயிலாகவே வர வேண்டும். தமிழில் விளக்கம் தொலைபேசி வழியாகக் கிடைக்க வேண்டும். குறை கண்ட இடத்தில் மருந்தும் வேண்டும். மகளுக்கும் உடன்பிறந்தாருக்கும் சோதனையும் வேண்டும். சிகிச்சை தராத சோதனை, கூலி தராத பெரட்டு.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவை வரும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. சிறுநீர் கழிப்பதில் தொல்லை வந்தால் அதை வயோதிகத்தின் வழக்கமென்று மறைக்கும் தாத்தாவை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் பேரன் வேண்டும். அத்தோடு, விருப்பமுள்ள வீடுகளில், ஓர் அப்பியாசக் கொப்பியில் மூன்று தலைமுறையின் பெயர்களை எழுதட்டும்: யார் எங்கே பிறந்தார், எந்தத் தோட்டத்தில் உழைத்தார், எவ்வாண்டில் எக்கரைக்குப் போனார், எந்நோயால் எவ்வயதில் மறைந்தார். தெரியாத இடங்களில் கோடிட்டு விட்டு, நீலகிரியிலுள்ள உறவினரிடம் தொலைபேசியிற் கேட்டு நிரப்பட்டும். அக்கொப்பி அவ்வீட்டாருக்கே உரியது. அவர் சம்மதமின்றி எவரும் அதைத் திறக்கக் கூடாது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மக்களைப் பற்றிய கணக்கைப் பிறரே எழுதினர். இனித் தம் கணக்கைத் தாமே எழுதும் தலைமுறை படித்து வருகிறது. அதன் முதற் பக்கத்தில் தாத்தாவின் பெயரைப் பிழையின்றி எழுதுவோம்.